நடை திறந்திருக்கும் நேரம்: சிதம்பரம் முதல் மதுரை வரை காரில்

சென்னையிலிருந்து சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்று ஒரு சுற்றுப் போய்வரலாம் என வீட்டில் பேச்செடுத்ததும் ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். கணவர் கிலோமீட்டரைக் கூட்டினார். மாமனார் கோயில்களைக் கூட்டினார். மகள், எந்த ஊரில் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டாள். மூன்றில் அவள் கேள்விதான் ஓரளவு பயனுள்ளது.

கிலோமீட்டர் கணக்கு இந்தப் பகுதியில் ஆளை ஏமாற்றும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை 60க்குள். காரைக்குடியிலிருந்து மதுரை 90 சொச்சம். காகிதத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் உச்சிகால பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். சில ஊர்களில் ஐந்துகூட ஆகலாம். பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றால் அர்ச்சகர் சாவிக்கொத்தோடு எதிரே வருவார். அதனால் நான் ஊர் வாரியாகத் திட்டம் போடவில்லை. ஒரு தாளில் காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டு, பார்க்க விரும்பிய ஒவ்வொரு இடத்தையும் அது எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்த்து எழுதினேன். வண்டி எங்கே எப்போது போக வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிட்டது.

அப்படி எழுதும்போதுதான் நடுப்பகல் கட்டம் எவ்வளவு வளமானது என்று தெரியும். கோயில் கதவு மூடியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தைப் பலர் லாட்ஜில் படுத்தோ மரத்தடியில் காரை நிறுத்தியோ கழிக்கிறார்கள். தஞ்சாவூர் அரண்மனையும் அதிலுள்ள சிற்பக் கலைக்கூடமும், சுவாமிமலைப் பட்டறைகள், திருமயம் கோட்டை, கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல் பட்டறைகள், கீழடி அருங்காட்சியகம், மதுரையில் திருமலை நாயக்கர் மகால், எல்லாம் நடுப்பகலுக்கானவை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. எல்லாவற்றுக்கும் அது ஒரே கிழமை இல்லை.

மாதம் எது என்பது அடுத்த கேள்வி. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். தாராசுரம் கோயில் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் நல்ல மழைக்குப் பிராகாரத்தில் தண்ணீர் நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை. மார்கழியில் விடியலுக்கு முன்பே நடை திறப்பது நமக்கு லாபம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கும்பகோணத்தில் அறையும் கிடைக்கும். ஆனால் வழியெங்கும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இருக்கும், பெரிய கோயில்களில் வரிசை நீளும். பொங்கல் விடுமுறை கழிந்த தை மாதத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். தையில் முகூர்த்த நாட்கள் அதிகம். கல்யாண வீட்டார் ஓர் ஓட்டலை முழுதாகப் பிடித்துவிடுவார்கள். அறைக்குச் சொல்லுமுன் தினசரி நாட்காட்டியில் முகூர்த்த நாளைப் பார்ப்பது, ஓட்டல் பற்றிய நூறு கருத்துகளைப் படிப்பதைவிட உபயோகமானது.

ஊருக்கு ஓர் இரவு என்று தங்குவதை நான் எதிர்க்கிறேன். பெட்டி கட்டுவது, கணக்குத் தீர்ப்பது, காரில் ஏற்றுவது என்று காலையின் பொன்னான நேரம் அதிலேயே கரைந்துவிடும். வயதானவர்கள் உடன் வந்தால் இன்னும் மோசம். மாமியார் ஒவ்வோர் அறையிலும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பழகும்போது கிளம்ப வேண்டியிருக்கும். கும்பகோணம், காரைக்குடி, கடைசியில் மதுரை என்று மூன்று இடத்தில் மட்டும் தங்கினோம். கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், சுவாமிமலை, தஞ்சாவூர் எல்லாவற்றையும் கும்பகோணத்திலிருந்தே பார்த்துவிடலாம். திருமயம், ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி எல்லாம் காரைக்குடியைச் சுற்றியே இருக்கின்றன.

சென்னையை விட்டு இருட்டோடு கிளம்பினால் சிதம்பரத்தில் உச்சிகாலத்துக்கு முன் நின்றுவிடலாம். ஐந்து மணிக்குப் பிறகு கிளம்புவதாக இருந்தால் சிதம்பரத்தை மாலைக்குத் தள்ளிவிடுங்கள், நடுவழியில் பரபரக்க வேண்டாம். பொது தீட்சிதர்களின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. கனகசபை மேலேறித் தரிசிக்க ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கட்டிப் போவது எளிது. தரிசனம் முடிந்ததும் உடனே வெளியேறாமல் கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். வாசலின் இரு பக்கச் சுவர்களிலும் நாட்டியக் கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் உள்ளே போகும் அவசரத்தில் கடந்துபோகும் இடம் அது. பரதநாட்டியம் கற்கும் மகள் அங்கே நின்று ஒவ்வொன்றையும் தன் காலால் செய்துபார்த்தாள். கூட்டம் விலகிப் போனது.

அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகப் போனால் வீராணம் ஏரிக்கரையை ஒட்டி ஓட்டலாம். சென்னைக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து போவதுதான் என்று சொன்னதும் பின்னிருக்கை முழுவதும் சன்னல் பக்கம் திரும்பியது. மதியச் சாப்பாட்டைச் சிதம்பரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வழியில் நல்ல இடம் வரும் என்று நம்பிப் போகும் பாதை அல்ல இது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நடை திறக்கும் நேரத்தில் போய்ச் சேருவது நல்லது. கோயில் கிழக்கு பார்த்தது. மாலை வெயில் விமானத்தின் பின்பக்கம் முழுதும் விழும். தஞ்சாவூர் விமானம் நேர்க்கோட்டில் ஏறும். இங்கே ராஜேந்திர சோழனின் விமானம் உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால்தான் அந்த வளைவின் அருமை தெரியும். வடக்கு வாசல் படியருகே அடியார் சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். அப்பன் மகனுக்குப் பட்டம் கட்டுவது போல என்று அத்தை, அதாவது என் மாமியார், சொன்னார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றாது. ஒரு காலத்தில் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர், இப்போது தங்குவதற்கு வசதியில்லாத சிற்றூர். இருட்டும் முன் கிளம்பி, கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய்விட்டோம்.

கும்பகோணத்தில் ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது. மாமனாருக்கு நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் பார்த்தாக வேண்டும். திங்களூரிலிருந்து திருநள்ளாறு வரை சிதறிக் கிடக்கும் ஒன்பது ஊர்களை ஒரே நாளில் ஓடி முடிப்பது எனக்கு உடன்பாடில்லாத காரியம். எல்லாக் கோயிலிலும் செருப்பை விட்ட இடம்தான் நினைவில் நிற்கும். மறுக்கவும் முடியாது, அவர் பல வருடமாகச் சொல்லிவந்த ஆசை. அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கென்றே தனிப் பேருந்து விடுகிறது. முன்பதிவு செய்து மாமாவையும் அத்தையையும் அதில் ஏற்றிவிட்டோம். நடை நேரத்துக்கு ஏற்ப ஓட்டுநரே திட்டமிட்டுப் போகிறார், நிறுத்துமிடம் தேடும் தொல்லை இல்லை. அவர்கள் இரவு களைத்து, ஆனால் வெற்றி முகத்தோடு திரும்பினார்கள். குடும்பமாகப் போனால் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

எங்களுக்கு அந்த நாள் தாராசுரமும் சுவாமிமலையும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தாராசுரத்தை வேகமாகப் பார்த்தால் சின்னக் கோயில். தஞ்சையின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே எல்லாம் உள்ளங்கை அளவு. குதிரை பூட்டிய தேர் போல மண்டபம், ஒரு பக்கம் மறைத்தால் யானையாகவும் மறுபக்கம் மறைத்தால் காளையாகவும் தெரியும் சிற்பம், கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகள் சிறு சிறு கட்டங்களாக. அவற்றைப் பார்க்கக் குனிய வேண்டும். முட்டிவலிக்காரர்கள் ஒரு சிறு மடக்கு நாற்காலியைக் காரில் வைத்துக்கொண்டால் உதவும். வெயில் ஏறுமுன், ஏழரை எட்டுக்குள் போய்விடுங்கள்.

சுவாமிமலையில் பட்டறைகளுக்குள் போய் வேலையைப் பார்க்க விடுகிறார்கள். விலைக்குக் கேட்காமல் பார்க்க மட்டும் வந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. எங்களுக்கு விளக்கிய ஸ்தபதி அளவுகோலை எடுக்கவில்லை. சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்று ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து உறுப்புகளின் அளவை எடுத்தார். மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரே அச்சில் இரண்டு சிலை கிடையாது. காலையில் தாராசுரத்தில் கல்லைப் பார்த்துவிட்டு மதியம் இதைப் பார்ப்பது, மறுநாள் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளின் முன் நிற்கும்போது வேறு கண்ணைக் கொடுத்துவிடுகிறது. அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தஞ்சாவூருக்கு எல்லோரும் காலையில் போவார்கள். நாங்கள் முற்பகலில் நிதானமாகக் கிளம்பி, நடுப்பகல் முழுவதும் அரண்மனையில் செலவிட்டோம். கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் இரண்டுக்கும் இரண்டரை மணி நேரம் வேண்டும். நான்கு மணிக்குப் பெரிய கோயில். 1010இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலின் உயரத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். இந்தச் சுவர்களில் எழுத்து இருக்கிறது. பிற ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். போவதற்கு முன் வீட்டிலேயே இந்தக் கல்வெட்டின் அச்சு வடிவத்தைப் படித்துக்கொண்டு போனால் சுவர் பேசும், இல்லாவிட்டால் வெறும் கோடுகள். கருவறையைச் சுற்றிய உள் நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தவை. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எப்படியாவது யாரையாவது பிடித்துப் பார்த்துவிடலாம் என்ற நப்பாசை வேண்டாம், நேரம் வீண். இன்னொன்று: அன்று பிரதோஷமா என்று பாருங்கள். பெரிய நந்திக்கு அபிஷேகம் பார்க்க வேண்டுமென்றால் அன்றே போங்கள். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அன்று போகாதீர்கள்.

சாலையைப் பற்றி. தை மாதத்தில் டெல்டா முழுவதும் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்கள் ஊர்ந்து போகும், பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், கொள்முதல் நிலையங்களுக்கு முன் லாரிகள் நிற்கும். நெல்லின் மேல் வண்டியை ஏற்றாமல் ஒதுங்கிப் போக வேண்டியது நாம்தான். அவர்களுக்கு அது ஒரு வருட உழைப்பு. இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் வரும். தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடி, காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் சாலையோரம் வரிசையாகப் போவார்கள், வெயிலுக்குப் பயந்து பலர் இரவில்தான் நடப்பார்கள். இந்தக் காரணங்களால் மாலை ஏழுக்குப் பிறகு ஊர் விட்டு ஊர் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கைபேசி வரைபடம் இங்கே குறுக்குவழி என்று சொல்லி ஆற்றங்கரைத் தடங்களில் கொண்டுபோய் விடும். எதிரே ஒரு மினி பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், அது மினி பஸ்ஸாக இருக்காது. டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

தஞ்சாவூரைத் தாண்டி கந்தர்வகோட்டை வந்ததும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. பச்சை முடிந்து செம்மண்ணும் முந்திரியும் யூகலிப்டஸும். புதுக்கோட்டைப் பகுதியை வெறும் வழியாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. சித்தன்னவாசல் குடைவரையில் கூரை ஓவியமாகத் தீட்டப்பட்ட தாமரைக் குளத்தில் மீன், எருமை, யானை, பூப் பறிக்கும் துறவி. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நிறம் மங்கிவிட்டது, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுத்தால்தான் குளம் தெரியும். அதே குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் இருக்கின்றன. வெட்டவெளிப் பாறையில் ஏற வேண்டும், காலை ஒன்பதரைக்கு மேல் ஏறாதீர்கள். மாமாவும் அத்தையும் கீழே நிழலில் இருந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு திருமயம். கோட்டைக்குக் கீழே குன்றைக் குடைந்த பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் மதியம் மூடியிருக்கும் என்றாலும் கோட்டை திறந்திருக்கும், மேலே காற்றுக்குக் குறைவில்லை.

செட்டிநாட்டுக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். இந்த வீடுகளை வாசலில் நின்று படமெடுத்துத் திரும்பினால் எதுவும் புரியாது. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளத்தில்தான் வீட்டின் வாழ்க்கை இருக்கிறது. பர்மா தேக்குத் தூண்கள், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்த சுவர்கள், மழைநீர் விழ நடுவில் திறந்த முற்றம். பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கும். பல பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டைக் காவலர் ஒருவர் பார்த்துக்கொள்வார். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற வீடுகள் உண்டு. மற்ற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வளவில் சாமி அறைக்கு முன் செருப்போடு நடந்த ஒரு சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்து எனக்கே கூசியது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வது பத்து நிமிட வேடிக்கை, ஆனால் யாரும் பத்து நிமிடத்தில் கிளம்புவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் பூப்போல ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. வாங்க ஆசை வரும். காரில் ஏற்றாதீர்கள், கனம் தாங்காது. லாரியில் அனுப்ப அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. செட்டிநாட்டு வீட்டு மெஸ்களிலும் பழைய வீட்டு ஓட்டல்களிலும் காலையிலேயே சொல்லிவைத்தால்தான் மதியம் ஒழுங்கான இலை கிடைக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இனிப்பு எல்லாம் ஒரே வேளையில் கேட்டு வாங்கி மிச்சம் வைக்காதீர்கள். பரிமாறும் ஆச்சியின் பார்வையைத் தாங்க முடியாது.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் திருப்பத்தூர், மேலூர் வழியே நேராகப் போகலாம். பிள்ளையார்பட்டி அந்த வழியில் அதிகாலைத் தரிசனத்துக்குச் சரியாக இருக்கும். நாங்கள் பிள்ளையார்பட்டியை முதல் நாளே முடித்துவிட்டு, சிவகங்கை வழியாகச் சுற்றி நடுப்பகலில் கீழடிக்குப் போனோம். 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் குவிரன், ஆதன் என்று கீறிய பெயர்களைப் பார்த்து, மகள் தன் பென்சில் பெட்டியின் மூடியில் பெயர் கீறியதற்கு நான் திட்டியதை நினைவூட்டினாள்.

மதுரையில் காரை மறந்துவிட வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. அறைக்கு அருகே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள். கைபேசிக்குக் கோயிலுக்குள் அனுமதி கிடையாது என்பதால் எங்கே சந்திப்பது என்பதை நுழையும் முன்பே பேசிவையுங்கள். பொற்றாமரைக் குளத்தின் படி என்று சொன்னால் போதாது, எந்தப் பக்கத்துப் படி என்றும் சொல்லுங்கள். நடை சாத்தும் நேரத்துக்கு எதிராக ஓடிய பயணத்தில் இங்கே மட்டும் சாத்துவதைப் பார்க்கவே போனோம். இரவில் சொக்கரைப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எடுத்துவருவார்கள். ஒன்பது மணிக்கு முன்பே அம்மன் சன்னதிப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள், பகல் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அப்போது இருக்காது.

செலவில் சில்லறை விஷயங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கணிசமாக வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு, பார்க்கிங், கைபேசி வைக்குமிடம் எல்லாம் சில்லறையில்தான் போகும். தடித்த காலுறை ஆளுக்கு இரண்டு சோடி, வெயில் தளத்துக்கு. வாடகை வண்டியாக இருந்தால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் ஓட்டுநர் படியையும் முன்கூட்டியே பேசுங்கள். உள்ளூரில் குறைவாக ஓடும் நாட்களுக்கும் குறைந்தபட்சத் தொகை கொடுக்க வேண்டியிருக்கும். அவர் இரவு எங்கே படுப்பார் என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள், தூங்காத ஓட்டுநரோடு மறுநாள் போவது நீங்கள்தான்.

திரும்புவதற்கு மதுரையிலிருந்து திருச்சி வழியாக நான்குவழிச் சாலை, சென்னை வரை சுமார் 460 கிலோமீட்டர். வழியில் ஸ்ரீரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று மாமா மெதுவாகத் தொடங்கினார். ஸ்ரீரங்கம் போகிற போக்கில் பார்க்கிற கோயில் இல்லை, அதற்கு இரண்டு நாள் வேண்டும் என்றேன். நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகாரையும் அப்படியேதான் விட்டுவைத்தோம். அது சிதம்பரத்திலிருந்து கடலோரமாக இடப்பக்கம் திரும்பிப் போக வேண்டிய வேறு பயணம், அதற்கு ஆவணி பிறந்து வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம் சாலையில் இறங்குவதற்கு முன்பே போய்விட வேண்டும். மாமா அதற்குள் நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.